குளோன் செய்தவர் பில்ட் செய்து முடிக்க: ஆட்டோடூல்ஸ், சிமேக், மீசன், கன்டெய்னர், நிக்ஸ் – எதைத் தேர்ந்தெடுப்பது?

சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு கட்டற்ற மென்பொருளை நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயனர்கள் இருக்கிறார்கள். பிழை அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. திருத்தம் எழுதி அனுப்புகிறவர்கள் மட்டும் வருவதில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் நான் முதலில் சோதித்துப் பார்ப்பது ஒன்றைத்தான்: புதிதாக வரும் ஒருவர் ரெப்போவை (திட்டத்தின் மூலநிரல் களஞ்சியத்தை) குளோன் செய்து, அதாவது நகலெடுத்து, அதை பில்ட் செய்து தன் கணினியில் ஓடும் நிரலாக மாற்ற எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது? ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியவில்லை என்றால் அவர் மறுநாள் வர மாட்டார். ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

இது வெறும் வசதி சார்ந்த விஷயம் என்று நான் நினைக்கவில்லை. 1991-ல் வந்த, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, முழுமையான மூலநிரல் எது என்று விளக்கும்போது, கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளையும் அதில் சேர்த்தே சொல்கிறது. மாற்றி எழுதும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மாற்றியதை ஓட்டிப் பார்க்க வழி விடாமல் இருந்தால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். உரிமத்தை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

பில்ட் கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் வேகத்தைப் பேசுகின்றன. எனக்கு அது இரண்டாம்பட்சம். நிரலுக்குத் தேவையான ஒரு லைப்ரரி (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) இல்லாதபோது இந்தக் கருவி என்ன சொல்கிறது, அதைப் படித்த புதியவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா என்பதை வைத்துத்தான் இங்கே எடை போடப் போகிறேன். எல்லாம் சரியாக இருக்கும் கணினியில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஏதாவது ஒன்று குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு திட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: ஹார்ஃப்பஸ். பெயர் தெரியாதவர்களும் இதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் எழுத்துருவின் வடிவங்களை வரிசைப்படுத்தித் தருவது இந்த லைப்ரரிதான். ‘கொ’ என்று தட்டினால் நினைவகத்தில் இருப்பது ‘க’ என்ற குறியீடும் அதற்குப் பின்னால் ஒகரக் குறியீடும் மட்டுமே. அந்த ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னால் நகர்த்துவது ஹார்ஃப்பஸின் வேலை. தமிழ் எழுத்துரு செய்கிற ஒருவருக்கு இதன் உள்ளே ஒரு வரியை மாற்றிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அவரால் முடியுமா? அதைத் தீர்மானிப்பது பில்ட் அமைப்பு.

ஆட்டோடூல்ஸ்: காலம் மாறியதால் வந்த சிக்கல்

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். இந்த மூன்று கட்டளைகளை ஒருமுறையாவது அடித்திராத லினக்ஸ் பயனர் குறைவு. இதில் மேக் 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃபை டேவிட் மெக்கென்ஸி 1991-ல் தொடங்கினார். அன்றைக்கு சன், எச்பி, ஐபிஎம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு யூனிக்ஸ் வைத்திருந்தது. ஒன்றில் இருக்கும் ஃபங்ஷன் இன்னொன்றில் இருக்காது. அந்தக் குழப்பத்தில் பயனரிடம் இருப்பது ஒரு ஷெல்லும், மேக்கும், கம்பைலரும் மட்டுமே என்று எடுத்துக்கொண்டு வடிவமைத்தார்கள். ஆட்டோடூல்ஸ் என்ற இந்தத் தொகுப்பின் ஆட்டோகான்ஃபும், மேக்குக்கான கோப்புகளை உருவாக்கும் ஆட்டோமேக்கும் எழுதுகிறவரின் கணினியில் இருந்தால் போதும். அவர் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கி, டார் கோப்புக்குள் (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கோப்புக்குள்) வைத்து வெளியிடுவார். பயனருக்கு வேறு எதுவும் தேவையில்லை.

அந்த நோக்கத்தை அது அற்புதமாக நிறைவேற்றியது. இன்றைக்கும் வெளியீட்டு டார் கோப்பிலிருந்து பில்ட் செய்கிறவருக்கு ஆட்டோடூல்ஸைவிடக் குறைவாகக் கேட்கும் கருவி கிடையாது. பைத்தான் இல்லாத இடத்திலும், இன்னொரு வகைச் சிப்புக்காக கிராஸ் கம்பைல் செய்யும்போதும் அது நிதானமாக வேலை செய்யும்.

ஆனால் இன்று பங்களிக்க வருகிறவர் டார் கோப்பைத் தொடுவதில்லை. கிட் குளோன் செய்கிறார். அங்கே கான்ஃபிகர் ஸ்கிரிப்டே இருக்காது. அதை அவரே உருவாக்க வேண்டும். அதற்கு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் வேண்டும். பல திட்டங்களில் கெட்டெக்ஸ்டும் வேண்டும். எழுதுகிறவருக்கு மட்டுமே உரியதாக நினைத்த சுமை முழுவதும் புதியவரின் தலைக்கு வந்துவிட்டது.

ஒன்று குறைந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு திட்டம் கிலிப் லைப்ரரியைத் தேடுவதற்கு, நிறுவிய லைப்ரரிகள் எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியின் மேக்ரோவை (முழு நிரலாக விரியும் குறுஞ்சொல்லை) பயன்படுத்துகிறது. உங்கள் கணினியில் பிகேஜி-கான்ஃபிக் இல்லை. கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும்போது ஆட்டோகான்ஃப் அதைக் கண்டுகொள்வதில்லை. தனக்குத் தெரியாத மேக்ரோவை அப்படியே எழுத்தாக ஸ்கிரிப்டுக்குள் விட்டுவிடுகிறது. அப்புறம் கான்ஃபிகரை ஓட்டும்போது, பல ஆயிரம் வரிகளைத் தாண்டிய ஓர் இடத்தில், ‘கிலிப்’ என்ற சொல்லுக்கு அருகே எதிர்பாராத இலக்கணப் பிழை என்று ஷெல் நின்றுவிடும். படிக்கிறவர் கிலிப்பில்தான் கோளாறு என்று நினைப்பார். கிலிப்பை நீக்கி மறுபடி நிறுவுவார். பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவினால் தீரும் என்று அந்தச் செய்தியில் ஓர் எழுத்துகூட இருக்காது. பழகியவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை. பழகாதவர் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

இன்னொரு சங்கடம் 2024 மார்ச்சில் உலகத்துக்கே தெரிந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுதளத் திட்டத்தின் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தார். நம் விஷயத்துக்கு முக்கியமானது அது ஒளிந்திருந்த இடம். பின்வாசலைத் திறந்துவிடும் எம்4 மேக்ரோ கோப்பு, கிட் ரெப்போவில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. ஆட்டோடூல்ஸ் உலகில் டார் கோப்புக்கும் ரெப்போவுக்கும் வித்தியாசம் இருப்பது சாதாரணம். உருவாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வரிகளை யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பழக்கத்தையே மறைவிடமாக ஆக்கிக்கொண்டார்கள்.

இதை ஆட்டோடூல்ஸின் குற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் நியாயமாகாது. அதே திட்டத்தின் சிமேக் கோப்பிலும் கை வைத்திருந்தார்கள். லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல் துண்டுக்குள் ஒற்றைப் புள்ளி ஒன்றை நுழைத்தார்கள். புள்ளியால் அந்தத் துண்டு ஒருபோதும் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகவில்லை என்றால் வசதி இல்லை என்று முடிவு செய்து, பில்ட் எந்தப் புகாரும் இல்லாமல் தொடர்ந்து போகும். வசதிகளைத் தானே தேடிப் பார்த்து, கிடைக்காவிட்டால் வாய் திறக்காமல் அணைத்துவிடும் பழக்கம் எல்லாக் கருவிகளிலும் உண்டு. தேர்வு செய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடி வருகிறேன்.

சிமேக்: எங்கும் இருப்பதே பெரிய பலம்

மருத்துவப் படங்களைக் கையாளும் ஐடிகே என்ற திட்டத்துக்காக கிட்வேர் நிறுவனம் தொடங்கியது சிமேக். விண்டோஸிலும் யூனிக்ஸிலும் ஒரே விவரணையிலிருந்து பில்ட் ஆக வேண்டும் என்பது அன்றைய தேவை. அந்தக் குணம் இன்றுவரை மாறவில்லை. விஷுவல் ஸ்டுடியோ, எக்ஸ்கோட், நிஞ்சா (மேக் போன்ற பில்ட் கருவி), மேக் எதற்கு வேண்டுமானாலும் கோப்புகளை உருவாக்கித் தரும். கேடிஇ டெஸ்க்டாப் தன் நான்காம் பதிப்புக்கு இதற்கு மாறியது. எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் ஆட்டோடூல்ஸை விட்டுவிட்டு இதில் நிலைத்தது. திரைச் சாளரங்கள் எழுத உதவும் க்யூடி 6 தன்னுடைய சொந்த க்யூமேக்கை விட்டு இதற்கு வந்தது. சி++ லைப்ரரிகளில் பெரும்பாலானவை சிமேக் கோப்போடு வருகின்றன. விஷுவல் ஸ்டுடியோவிலோ சிலயன் எடிட்டரிலோ கோப்புறையைத் திறந்தாலே போதும், அதுவே புரிந்துகொள்ளும். கல்லூரியில் விண்டோஸில் சி++ படித்த மாணவருக்கு இது பெரிய கதவு.

குறை எங்கே? மொழி. எல்லாமே எழுத்துச் சரம். பட்டியல் என்பது அரைப்புள்ளியால் பிரித்த சரம். 2014-ல் வந்த 3.0-க்கு முன் எழுதிய பாணியும் அதற்குப் பின் வந்த பாணியும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். இணையத்தில் தேடினால் பழைய பாணி விடைகள்தான் முதலில் வரும். நல்ல சிமேக் எழுத முடியும், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மொழி அதை நோக்கி உங்களைத் தள்ளாது.

லைப்ரரி இல்லாதபோது அது சொல்வது இது: இன்ன பெயருள்ள அமைவுக் கோப்பைக் காணவில்லை, நிறுவிய பாதையை இன்ன மாறியில் சேருங்கள் அல்லது அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையைச் சொல்லுங்கள். ஆட்டோடூல்ஸின் இலக்கணப் பிழையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் லைப்ரரியை இதுவரை நிறுவவே செய்யாத ஒருவருக்கு ‘நிறுவிய பாதை’ என்ற அறிவுரை திசை திருப்பும். அவர் செய்ய வேண்டியது ஒரு பேக்கேஜை நிறுவுவது மட்டும்.

சமீபத்திய பதிப்புகள் நிறைய முன்னேறியிருக்கின்றன. 3.19-ல் வந்த பிரீசெட் கோப்புகளால், ‘டெவலப்பர் பில்டுக்கு இந்த ஏழெட்டு விருப்பங்களைக் கொடுங்கள்’ என்று ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எழுதிவைக்கும் தேவை போய்விட்டது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். 3.24 முதல், கணினியில் லைப்ரரி இருந்தால் அதையும் இல்லாவிட்டால் இணையத்திலிருந்து இறக்கிய மூலத்தையும் பயன்படுத்தும்படி சுருக்கமாக எழுத முடிகிறது. சிமேக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால் இந்த இரண்டையும் இந்த வாரமே சேருங்கள்.

மீசன்: நான் சாய்வது இந்தப் பக்கம்

யுஸ்ஸி பக்கனென் தொடங்கிய மீசனின் முதல் வெளியீடு 2013-ல் வந்தது. பைத்தானில் எழுதப்பட்டது. உண்மையான கம்பைல் வேலையை நிஞ்சாவிடம் ஒப்படைக்கும். அதன் மொழியில் நீங்களாக ஒரு ஃபங்ஷன்கூட எழுத முடியாது. திட்டமிட்டே அப்படி வைத்திருக்கிறார்கள். முதலில் இது கையைக் கட்டிப்போடுவது போல இருக்கும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால்தான் யாருடைய மீசன் கோப்பைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் புரிகிறது. எந்த லைப்ரரி வேண்டும், எந்தக் கோப்புகள் கம்பைல் ஆகின்றன, எது நிறுவப்படும் என்பது மேலிருந்து கீழே படித்தாலே தெரிந்துவிடும். எக்ஸ்இசட் கதைக்குப் பிறகு, பில்ட் கோப்பை மனிதர் வாசிக்க முடிவது பாதுகாப்பு சார்ந்த குணமும்தான்.

ஹார்ஃப்பஸ் முன்பு ஆட்டோடூல்ஸில் இருந்தது, இன்று மீசனில் இருக்கிறது. குளோன் செய்து ‘மீசன் செட்அப் பில்ட்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு சார்பையும் (தேவைப்படும் பிற லைப்ரரியையும்) வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும்: இது கிடைத்தது, இன்ன பதிப்பு, இது கிடைக்கவில்லை, பிகேஜி-கான்ஃபிக் வழியாகவும் சிமேக் வழியாகவும் தேடிப் பார்த்தேன். கடைசியில் ஒரு சுருக்கம் அச்சாகும். யூனிகோட் தகவலை எங்கிருந்து எடுக்கப் போகிறது என்ற பிரிவின் தலைப்பிலேயே ‘இவற்றில் ஒன்றாவது வேண்டும்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே உள்ளமைந்தது, கிலிப், ஐசியு என்று ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. கட்டளைக் கருவிகளுக்கு வேண்டிய வரைகலை லைப்ரரியான கெய்ரோ கிடைத்ததா என்பதற்கும் அப்படியே. மேலே சொன்ன ‘வாய் திறக்காமல் அணைத்துவிடும்’ பழக்கத்துக்கு இதுதான் மருந்து. வசதி இல்லாமல் போனால் போகட்டும், ஆனால் போனது கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். இந்திய எழுத்துகளின் அசை இலக்கணத்தை ஹார்ஃப்பஸ் ராகெல் என்ற கருவியின் மொழியில் எழுதி, அதிலிருந்து சி++ நிரலை உருவாக்குகிறது. பெரும்பாலானோர் கணினியில் ராகெல் இருக்காது. அதனால் உருவான நிரலையும் ரெப்போவிலேயே வைத்திருக்கிறார்கள். ராகெல் இல்லாவிட்டால், ஹார்ஃப்பஸையே திருத்தப் போகிறீர்கள் என்றால் இதை நிறுவ வேண்டும் என்று எச்சரித்துவிட்டு பில்ட் தொடர்கிறது. உருவான கோப்புகளை ரெப்போவில் வைக்கக் கூடாது என்று பல பராமரிப்பாளர்கள் கொள்கையாகவே சொல்வார்கள். இந்த ஓர் இடத்தில் அந்தக் கொள்கையைத் தளர்த்தியதால் ஒரு முழுச் சார்பு புதியவரின் பாதையிலிருந்து விலகியிருக்கிறது. நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். மூலமும் அதிலிருந்து உருவானதும் ஒத்துப்போகின்றனவா என்று தானியங்கிச் சோதனையில் சரிபார்த்தால் போதும்.

அதன் பிறகு எச்பி-ஷேப் கருவியிடம் ஓர் எழுத்துருவையும் ‘கொ’ என்ற எழுத்தையும் கொடுத்தால், எந்த வடிவம் எந்த வரிசையில் வருகிறது என்று ஒரே வரியில் காட்டும். வரியை மாற்று, கம்பைல் செய், மறுபடி பார். இந்தச் சுற்று சட்டென்று முடிவதால்தான் ஒருவர் உள்ளே தங்குகிறார்.

மீசனுக்கும் தொல்லை உண்டு. பைத்தான் வேண்டும், நிஞ்சா வேண்டும். நீண்டகால ஆதரவுப் பதிப்பு லினக்ஸில் இருக்கும் மீசன் பழையதாக இருக்கும், உங்கள் திட்டம் புதியதைக் கேட்கும். அப்போது பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பை வைத்து ‘பிப் இன்ஸ்டால்’ செய்யுங்கள் என்று எழுதிவைப்பார்கள். டெபியன் 12 முதல், இந்தச் சூழலை இயங்குதளம் நிர்வகிக்கிறது என்று சொல்லி பிப் மறுத்துவிடும். ஆகவே தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் வழியை எழுதுங்கள். அதைவிட நல்லது, உண்மையிலேயே தேவைப்படும் மிகப் பழைய மீசன் பதிப்பைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது. புதிய வசதி ஒன்று அழகாக இருக்கிறது என்பதற்காக அந்த எண்ணை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் சிலரை வெளியே தள்ளுகிறீர்கள்.

பெரிய திட்டங்கள் மாறிய விதத்தையும் பார்க்கலாம். மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஇஎம்யு 2020 டிசம்பரில் வந்த 5.2 பதிப்பில் மாறியது. சிஸ்டம்டி, மீசா, ஜினோமின் பெரும்பகுதி எல்லாம் மாறிவிட்டன. போஸ்ட்கிரெஸ் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2023-ல் வந்த 16-ஆம் பதிப்பில் மீசனைச் சேர்த்தார்கள், பழைய ஆட்டோகான்ஃப் வழியையும் எடுக்கவில்லை. விண்டோஸுக்கென்று தனியாக வைத்திருந்த பெர்ல் ஸ்கிரிப்டுகளை மட்டும் அடுத்த பதிப்பில் நீக்கினார்கள். விண்டோஸ்காரர்களுக்குத் தனி வழி, மற்றவர்களுக்குத் தனி வழி என்று இரண்டைப் பராமரித்துவந்த பாரம் அதோடு குறைந்தது.

உண்மையான தடை சார்புகளில்தான்

கருவியைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பில்ட் தோற்பது பெரும்பாலும் கருவியால் அல்ல, லைப்ரரிகளால். ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் லினக்ஸ் கணினிகளில் அது ஏற்கெனவே இருக்கும். ஆனாலும் ஹெடர் கோப்பை (லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் கோப்பை) காணவில்லை என்று கம்பைலர் நிற்கும். ஓடுவதற்கான லைப்ரரி ஒரு பேக்கேஜிலும், பில்ட் செய்வதற்கான ஹெடர்கள் வேறு பேக்கேஜிலும் இருப்பதுதான் காரணம். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தப் பெயர் ‘-டெவ்’ என்று முடியும், ஃபெடோராவில் ‘-டெவெல்’ என்று முடியும், ஆர்ச்சில் பிரிவே கிடையாது, பெயர் ‘ஃப்ரீடைப்2’. பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்கும்போதும் ‘ஃப்ரீடைப்2’ என்றுதான் கேட்க வேண்டும். இதையெல்லாம் ஒரு புதியவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்?

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. டெபியன்/உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஆப்பிள் மேக் கணினியில் ஹோம்ப்ரூ என்று நான்குக்கும் நகலெடுத்து ஒட்டக்கூடிய ஒற்றை வரிக் கட்டளையை ரீட்மீயில் வைத்தால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். உங்கள் மென்பொருள் ஏற்கெனவே டெபியனில் இருந்தால் ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டளை எல்லாச் சார்புகளையும் ஒரே அடியில் நிறுவும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் பில்ட்டெப்’. மூலப் பேக்கேஜ் முகவரிகள் இயக்கப்படாமல் இருந்தால் முதலில் அதை இயக்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரோவில் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பில்) இருக்கும் பதிப்புக்கான சார்புகள்தான் இப்படிக் கிடைக்கும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சார்பையே குறைத்துவிடுவது இன்னும் நல்லது. எஸ்க்யூலைட் தரவுதளம் தன் முழு லைப்ரரியையும் ஒரே சி கோப்பாக இணைத்து வெளியிடுகிறது. இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். அதையும் ஷெல் நிரலின் கோப்பையும் கம்பைலரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. கான்ஃபிகர் இல்லை, சிமேக் இல்லை. ஹார்ஃப்பஸிலும் அப்படி எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும் ஒரு கோப்பு உண்டு, வேறு திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாத் திட்டத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் உங்களுடையது சிறிய லைப்ரரி என்றால், இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் கருவியைவிடவும் இந்த வழி அதிகம் பேரை உள்ளே கொண்டுவரும்.

லைப்ரரிகளின் மூலத்தை ரெப்போவுக்குள்ளேயே நகலெடுத்து வைப்பது இன்னொரு வழி. புதியவருக்கு வசதி, ஆனால் அதில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உங்கள் நகல் பழையதாகவே கிடக்கும். டிஸ்ட்ரோக்கள் அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். மீசனின் ராப் கோப்புகள் நடுவழி: கணினியில் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் இன்ன முகவரியிலிருந்து இறக்கி, சரிபார்த்து, சேர்த்து பில்ட் செய். டிஸ்ட்ரோக்காரர்கள் இறக்குவதை ஒரே விருப்பத்தால் தடுத்துக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் சரிப்பட்டு வருகிறது.

கன்டெய்னர்: துணையாக இருக்கட்டும், ஒரே வழியாக வேண்டாம்

கன்டெய்னர் என்பது நிரலையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் வழி; டாக்கர் அதற்கான கருவி. ‘டாக்கர் கோப்பு இருக்கிறது, அதை ஓட்டுங்கள்’ என்பது இப்போது அடிக்கடி கேட்கும் பதில். எடிட்டரே கன்டெய்னருக்குள் திட்டத்தைத் திறந்துகொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. சேவைகளாக ஓடும் மென்பொருளுக்கு, அதாவது ஒரு தரவுதளம், ஒரு வரிசைச் சேவை, அதோடு உங்கள் சர்வர் என்று நாலைந்து சேர்ந்து ஓட வேண்டியவற்றுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

சி, சி++ நிரல்களுக்கு அப்படி இல்லை. விண்டோஸிலும் ஆப்பிள் மேக்கிலும் டாக்கர் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை வைத்துத்தான் ஓடுகிறது. நினைவகம் 4 ஜிபி உள்ள மடிக்கணினி அதிலேயே திணறும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓர் இமேஜை (கன்டெய்னருக்கான பெட்டியை) இறக்குவது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. எல்லாம் முடிந்து உள்ளே உருவாவது லினக்ஸ் பைனரி, ஆப்பிள் மேக் வைத்திருப்பவர் அதைத் தன் கணினியில் நேரடியாக ஓட்ட முடியாது. திரைச் சாளரம் உள்ள நிரல் என்றால் இன்னும் சிரமம்.

டாக்கர் கோப்பு கெட்டுப்போகவும் செய்யும். பலரும் நினைப்பதுபோல அது உறைந்துபோன சூழல் கிடையாது. உள்ளே ‘ஆப்ட் அப்டேட்’ என்று இருந்தால் இன்றைக்கு ஒன்றும் அடுத்த மாதம் வேறொன்றும் கிடைக்கும். டெபியனின் ஒரு வெளியீட்டுக்கு ஆதரவு முடிந்து சில காலத்தில் அதன் பேக்கேஜ்கள் காப்பக சர்வருக்கு மாற்றப்படும். பழைய முகவரியில் 404 பிழைதான் வரும். சென்ட்ஓஎஸ் 8-க்கும் 2021 இறுதியோடு ஆதரவு முடிந்து அதே கதி ஏற்பட்டது.

என் முதன்மையான எதிர்ப்பு வேறு. கன்டெய்னர் ஒன்றே வழி என்று ஆகிவிட்டால், வெளியே பில்ட் ஆகிறதா என்று யாரும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். சார்புகள் சத்தமில்லாமல் பெருகும். ஒருநாள் அந்த இமேஜ் இல்லாமல் அந்த மென்பொருளே இல்லை என்ற நிலை வரும்.

கன்டெய்னரை வைக்க நல்ல இடம் உங்கள் தானியங்கிச் சோதனை. எதுவும் நிறுவப்படாத புத்தம்புதிய டெபியன் இமேஜை எடுத்து, ரீட்மீயில் எழுதியிருக்கும் அதே கட்டளைகளை, ஒரு வரியும் கூட்டாமல் குறைக்காமல் வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். ரீட்மீ பொய் சொல்லத் தொடங்கிய வாரமே உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நிக்ஸ், கிக்ஸ்

எல்கோ டோல்ஸ்ட்ரா 2003-ல் தொடங்கிய நிக்ஸ், ஒவ்வொரு பேக்கேஜையும் அதன் எல்லாச் சார்புகளோடும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தனி முகவரியில் வைக்கிறது. பதிப்புகளைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பு ஒன்றை ரெப்போவில் வைத்துவிட்டால், ‘நிக்ஸ் டெவலப்’ கட்டளை எல்லோருக்கும் ஒரே கம்பைலரையும் ஒரே லைப்ரரிகளையும் தரும். டாக்கரால் தர முடியாத உறுதி இது. கனூ திட்டத்தின் கிக்ஸ் இதே கருத்தை ஸ்கீம் மொழியில் செய்கிறது.

ஆனால் விண்டோஸில் நேரடியாக ஓடாது, வட்டில் பல ஜிபி எடுத்துக்கொள்ளும், நிக்ஸ் மொழியைக் கற்பது தனி உழைப்பு. ‘முதலில் நிக்ஸை நிறுவுங்கள்’ என்பது புதியவருக்கு வரவேற்பாக ஒலிக்காது. உங்கள் குழுவில் தினமும் நிக்ஸ் பயன்படுத்துகிற ஒருவர் இருந்தால் அந்தக் கோப்பை அவர் பொறுப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம். பராமரிக்கப்படாத நிக்ஸ் கோப்பால் யாருக்கும் பயனில்லை.

ரஸ்ட் மொழியின் கார்கோ கருவியும் கோ மொழியும் இதையெல்லாம் தீர்த்துவிட்டனவே என்று கேட்கலாம். முழுக்க ரஸ்டிலோ கோவிலோ எழுதியதற்கு, ஆம், ஒரே கட்டளை. ஆனால் ரஸ்ட் நிரல் ஓபன்எஸ்எஸ்எல் போன்ற ஒரு சி லைப்ரரியைத் தொட்ட நொடியே பிகேஜி-கான்ஃபிக்கும் ‘-டெவ்’ பேக்கேஜும் திரும்பி வந்துவிடும். சார்புகளைப் பற்றி மேலே சொன்னது அங்கும் பொருந்தும்.

முடிவெடுக்க வேண்டியவருக்கு

புதிதாகத் தொடங்கும் சி, சி++ திட்டம் என்றால் மீசன். பயனர்களில் பெரும்பகுதி விஷுவல் ஸ்டுடியோவில் இருந்தாலோ, க்யூடி 6-ஐ நம்பி எழுதினாலோ, உங்கள் லைப்ரரியை எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் சிமேக் திட்டங்களாகவே இருந்தாலோ சிமேக். அப்போது மீசனுக்காக அடம்பிடிப்பதில் பயனில்லை. பத்துப் பதினைந்து கோப்புகள் மட்டும் கொண்ட, வெளிச் சார்பே இல்லாத லைப்ரரிக்கு இரண்டும் வேண்டாம், சாதாரண மேக் கோப்பு ஒன்று போதும்.

ஏற்கெனவே ஆட்டோடூல்ஸில் இருக்கும் திட்டத்துக்கு என் பதில் சற்று நீளம். மற்றவர்கள் மாறுகிறார்கள் என்பதற்காக மாறாதீர்கள். முதலில், குளோன் செய்த பிறகு ஓட்ட வேண்டிய ஒரே ஸ்கிரிப்டை எழுதுங்கள். ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக் நான்கும் இருக்கின்றனவா என்று அது முதலிலேயே பார்த்து, இல்லாததன் பெயரையும் நிறுவும் கட்டளையையும் சொல்லட்டும். கான்ஃபிகர் முடியும்போது எது கிடைத்தது, எது அணைந்தது என்ற சுருக்கத்தை அச்சிடுங்கள். இவ்வளவும் ஒரு வார இறுதி வேலை, பலன் உடனே தெரியும்.

அதற்குப் பிறகும் மாற வேண்டும் என்று தோன்றினால், இரண்டு வழிகளையும் குறைந்தது ஒரு வெளியீடு வரைக்குமாவது சேர்த்துப் பராமரிக்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். மாற்றத்தைத் தொடங்கும் முன் உங்கள் மென்பொருளைப் பேக்கேஜ் செய்யும் டெபியன், ஃபெடோரா பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். உங்கள் பில்ட் எங்கெல்லாம் ஒடிகிறது என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பல நேரம் அதற்கான திருத்தங்கள் அவர்களுடைய பேட்ச் கோப்புறையிலேயே கிடக்கும். பழைய வழி எந்தப் பதிப்போடு நீங்கும் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அந்தப் பதிப்பு வந்ததும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். பாதி வேலை செய்யும் இரண்டு பில்ட் அமைப்புகள் ரெப்போவில் கிடந்தால், புதியவர் சரியாக வேலை செய்யாததைத்தான் முதலில் முயற்சி செய்வார்.